லூசியா நாளில் ரொட்டி வாசம்

டொன் ரொசொலீனோவுக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அன்று காலை அவர் பேசியதைக் கேட்க, துப்பறியும் கஸ்பாரே நாற்காலியின் நுனிக்கு வந்து கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. அந்த வீட்டில் கழுத்தை நீட்டுவது அவ்வளவு நல்ல பழக்கமில்லை.

"நேத்து லூசியா திருநாள். நம்ம காப்போ பேட்டையில யாராச்சும் ரொட்டி தின்பாங்களா?"

"தின்ன மாட்டாங்க டொன்."

"பாஸ்தா?"

"தொடக்கூட மாட்டாங்க."

"நீ என்ன தின்ன?"

"அரஞ்சீனாதான் டொன். காலையில கறி வச்சது, மதியம் வெண்ணெய் வச்சது, சாயங்காலம் மறுபடி கறி..."

"போதும்."

பலெர்மோவில் கொலைகாரன்கூட டிசம்பர் பதின்மூன்றாம் தேதி கோதுமை மாவைத் தொடமாட்டான். என்றோ ஒரு பஞ்சத்தில் புனித லூசியா தானியக் கப்பல் அனுப்பி ஊரைக் காப்பாற்றினாளாம். பசி பொறுக்காத ஊர் அதை மாவாக அரைக்காமல் அப்படியே வேகவைத்துத் தின்றதாம். அந்த நன்றிக்காக ஊரே அன்று சோற்று உருண்டைக்குள் கறியை வைத்துப் பொரித்த அரஞ்சீனாவைத் தின்றுவிட்டு, அஜீரணத்தோடு படுக்கும். தன் கண்கள் இரண்டையும் ஒரு தட்டில் ஏந்தி நிற்கும் லூசியாவின் படம் டொன்னின் தலைக்கு மேல் மாட்டியிருந்தது. தட்டில் இருந்த கண்கள் தன் கோட்டுப் பையையே பார்ப்பதாக கஸ்பாரேவுக்குத் தோன்றியது.

"நேத்து மத்தியானம் என் தம்பி பொண்டாட்டி வீட்லேர்ந்து ரொட்டி வேகுற வாசம்," என்றார் டொன், இன்னும் மெதுவாக. "தெரு பூரா மணந்திருக்கு. மூணு பேர் வந்து சொல்லிட்டாங்க. ஒருத்தி அழுதுகிட்டே சொன்னா."

தம்பி எதிரிகளின் குண்டுக்குப் பலியாகிப் பல வருடம் ஆயிற்று. அவன் விதவை ஒலீவா, தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு காபி பார் நடத்தி வந்தாள். குடும்பத்துக்காகச் செத்தவனின் மனைவி சாகும்வரை அவன் மனைவிதான் என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம். அந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியவர்களுக்குக் கல்லறையில்தான் எழுதினார்கள்.

"பொம்பள தனக்குன்னு மாவு பெசைய மாட்டா. அதுவும் அந்த நாள்ல. அப்ப ஆள் இருக்கான். நம்மாளு எவனும் அன்னைக்கு ரொட்டி தின்ன மாட்டான். அப்ப அவன் வெளியூரான். மிச்சத்த நீ கண்டுபிடி. சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பேர் வேணும்."

"பேர் கெடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் கஸ்பாரேவின் உதவியாளர் நின்ஃபா. இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பதற்கென்றே பிறந்தவள்.

டொன் மோவாயால் வாசல் பக்கம் காட்டினார். அங்கே சாரோ நின்றிருந்தான். டொன்னின் வலது கை. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டான், யாருக்கும் வழிவிட மாட்டான். உள்ளே வரும்போது கஸ்பாரே மரியாதைக்குக் கை நீட்டினான். அந்தக் கையை சாரோ மதிக்கவே இல்லை. அது அந்தரத்தில் தொங்கிவிட்டு, கடைசியில் காதைச் சொறிந்துகொண்டு திரும்பியது. டொன்னின் பூனைகூட சாரோ நடந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு மேஜைக்கடியில் போய்விடும்.

"சாரோ பாத்துக்குவான்," என்றார் டொன்.

கஸ்பாரே கோட்டை இறுக்கி மூடிக்கொண்டான். காரணம் அவனுடைய கோட்டின் உள்பையில், கைக்குட்டையில் சுற்றியபடி இருந்தது. ஒரு சின்ன ரொட்டி. நேற்று மாலை ஒலீவா தன் கையால் அவன் கையில் திணித்த ரொட்டி.

* * *

கதவைத் திறந்துவிட சாரோ முன்னால் இறங்கினான். ஒரு கை கைப்பிடிக் கம்பியை விடவில்லை. உதடு மட்டும் படிக்குப் படி அசைந்தது.

"சுடறதுக்கு முன்னாடியே ஜெபம் பண்ணி வச்சுக்கிறாரு போல," என்றாள் நின்ஃபா காதோடு.

தெருவில் இறங்கி மீன் கடைகளைத் தாண்டியதும் அவள் நின்றாள். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினாள்.

"பாஸ், இவ்ளோ மீன் நாத்தத்துலயும் உங்க கோட்டு ரொட்டி மணக்குது."

கஸ்பாரே சுற்றுமுற்றும் பார்த்தான். கீரைக் கூடைகளுக்குப் பின்னால் அவளை இழுத்துக்கொண்டு போய்க் கைக்குட்டையைப் பிரித்தான். பணியாரம் அளவுக்கு இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்த ரொட்டி. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு கறுப்பு விதை.

"அடக் கடவுளே," என்றாள் நின்ஃபா. "நம்ம ஆபீஸ் ஆரம்பிச்சதுலேர்ந்து மொத தடவையா ஒரு கேஸ் ஒரே நாள்ல முடிஞ்சிருக்கு. குத்தவாளி நீங்க!"

"மெதுவாப் பேசு."

"மெதுவாவா? நீங்களும் அவங்களும்... எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா," என்றான் கஸ்பாரே. சொல்லும்போதே முகத்தில் அசடு வழிந்தது. "தினம் காலையில காபி குடிக்கப் போவேன். கண்ணடிப்பேன். அவ என்னையே ஒரு மாதிரி பாப்பா. நேத்து யாருக்கும் தெரியாம இதக் கையில வச்சு அழுத்துனா. பாரு, ரெண்டு இதயம். ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கு. நடுவுல விதை. அவ இதயத்துல நான், என் இதயத்துல அவ."

"பேசியிருக்கீங்களா?"

"'ஒரு காபி'ன்னு சொல்லியிருக்கேன்."

"அவங்க?"

"'சக்கரை போடவா'ன்னு கேப்பா. அந்தக் குரல்ல இருக்கற அக்கறைய நீ கேக்கணும் நின்ஃபா."

நின்ஃபா இந்த வேலைக்கு வருமுன் சவப்பெட்டிக் கடையில் விற்பனை பார்த்தவள். அவனை மேலிருந்து கீழே ஒருமுறை அளவெடுத்தாள். "உங்களுக்கு ஓக் மரம் வேணாம் பாஸ். பைன் போதும். சிக்கனமா முடிச்சுரலாம்."

சிரிப்பு வரவில்லை கஸ்பாரேவுக்கு. ஊரிலேயே மட்டமான துப்பறிவாளன் தான் என்பது அவனுக்கே தெரியும். போன வருடம் காணாமல் போன கிளியைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். அது வேறு யாரோ வீட்டுக் கிளி. அப்படிப்பட்டவன் சாயங்காலத்துக்குள் தன் பெயரைத் தானே கண்டுபிடித்துத் தன்னைச் சுடப்போகிறவனிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனாலும் அடிமனத்தில் ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில், முன்வழுக்கையோடு, ஒரு பெண்ணுக்காகச் சாகும் யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நின்ஃபா ரொட்டியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "ஒண்ணு இடிக்குது பாஸ். இந்தத் துக்கடா ரொட்டிக்கா தெரு பூரா மணக்கும்? இதோட கூட வேற பெருசா ஏதோ வெந்திருக்கு. அத யார் தின்னது?"

"அவளே தின்னிருப்பா."

"லூசியா நாள்லயா? இல்ல பாஸ். இன்னொரு வாய் இருக்கு. அந்த வாயக் கண்டுபிடிச்சா உங்க உயிர் மிஞ்சும்."

உயிர் மிஞ்சும் என்றதும் சந்தோஷப்பட வேண்டும். கஸ்பாரேவுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்படி எவனும் இல்ல," என்றான் விறைப்பாக.

"சாகறதுக்கு இவ்ளோ அவசரமா? வாங்க. ஒலீவாக்கா எந்த ஊரு?"

"மலைமேல ரோக்காசெல்வா."

"இந்த மாதிரி ரொட்டி நம்மூர் அடுப்புல பாத்ததில்ல. அது அவங்க ஊர் சமாச்சாரம். அந்த ஊர் பஸ் மத்தியானம் ஸ்டேஷனுக்கு வரும். டிரைவர்கிட்டக் கேப்போம்."

திரும்பினால், நாலு கடை தள்ளி சாரோ. டொன் அனுப்பிய நிழல். நின்ஃபாவின் கட்டைச் செருப்பு கல்தரையில் டொக் டொக்கென்று போன வழியெல்லாம் அவனும் வந்தான். எலுமிச்சை விற்கும் சந்தில் செருப்பின் வார் அறுந்தது. நின்ஃபா திட்டிக்கொண்டே இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்து, சுவரோரம் நின்றாள். கஸ்பாரே மூச்சைப் பிடித்துக்கொண்டான். சாரோ தயங்கினான், தலையைச் சாய்த்தான், பிறகு அவர்கள் இருவரையும் உரசுகிற மாதிரி தாண்டி, நேரே போய்விட்டான்.

"எவ்ளோ திமிர் பாருங்க," என்றாள் நின்ஃபா. "நம்மள ஆளாவே மதிக்கல."

கஸ்பாரேவும் அப்படித்தான் நினைத்தான். துப்பறிபவனுக்குக் கண் இருந்தால் போதாதே, அதைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே.

* * *

பஸ் டிரைவர் மிம்மோ படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். கைக்குட்டையைப் பிரித்ததும் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டான்.

"யாருக்குக் கண்ணு சரியில்ல?"

"கண்ணா?" என்றான் கஸ்பாரே. "இது இதயமில்ல?"

"எந்த ஊர்லய்யா இதயத்துக்கு நடுவுல கருவிழி வைப்பாங்க? இது லூசியா கண்ணு. எங்க ஊர்ல அந்த நாள்ல இதச் சுடுவோம். கண்ணு நோவு இருக்கறவங்க மட்டும் திங்கணும், யாருக்காக வேண்டிக்கிட்டுச் சுட்டாங்களோ அவங்க மட்டும். உங்க ஊர்க்காரங்களுக்கு ரொட்டியப் பாத்தாலே அன்னைக்குக் காய்ச்சல் வரும், தெரியும். அதான் ஒலீவா மறைச்சுச் சுட்டுருக்கும்."

"ஒலீவாவா?" என்றாள் நின்ஃபா, அப்போதுதான் அந்தப் பெயரைக் கேட்பவள்போல.

"போன வாரம் நாந்தானே எங்க மாதாகோயில்ல மந்திரிச்ச மாவு கொண்டாந்து குடுத்தேன். ரெண்டு பேருக்குன்னுச்சு. ஒருத்தருக்குப் பெரிய ரொட்டி, ரொம்ப முத்திப்போன கேசு, பார்வையே போயிக்கிட்டிருக்குன்னு சொல்லும்போதே அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. இன்னொண்ணு சின்னது. அது யாரோ கடைக்கு வர்ற மனுசனாம்."

கஸ்பாரேவுக்கு ஏதோ ஒரு கெட்ட செய்தி படியேறி வருவது கேட்டது. "அந்தக் கடைக்கு வர்ற மனுஷனுக்கு... என்ன நோவாம்?"

"பாவம், காபி கேக்கறப்பல்லாம் ஒரு பக்க இமை வெடுக்வெடுக்குனு இழுத்துக்குமாம். ரெண்டு வருசமா. டாக்டர்கிட்டப் போங்கன்னு சொன்னா சங்கடப்படுவாரோன்னு இது வாயத் தெறக்கல."

நின்ஃபா பஸ்ஸுக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து தகரத்தில் தலையை முட்டிக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

கஸ்பாரே ஆரஞ்சுத் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு வருடம். எத்தனை விதமாகக் கண்ணடித்திருப்பான்! மழை நாளில் மெதுவாக ஒரு தினுசு, பண்டிகை நாளில் புருவத்தையும் சேர்த்து ஒரு தினுசு. கண்ணாடி முன்னால் பழகிவிட்டுப் போன நாட்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் அந்தப் புண்ணியவதி மனதுக்குள் "ஐயோ பாவம், இன்னிக்கு ரொம்ப இழுக்குது" என்று நினைத்திருக்கிறாள். நெஞ்சு நிஜமாகவே வலித்தது. அந்த வலியிலும் சிரிப்பு வந்ததுதான் அவனுக்குப் பெரிய அவமானம்.

நின்ஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். செருப்பில் கயிறு கட்டி மாட்டியிருந்தாள். "சரி பாஸ், நீங்க இல்ல. உயிர் மிஞ்சிச்சு. அந்தப் பெரிய ரொட்டி யாருக்கு? பார்வை போயிக்கிட்டிருக்கற ஆளு. வெளிய தெரியாம மறைக்கற ஆளு."

தெருவின் எதிர்ப்புறம் சாரோ வந்து சேர்ந்திருந்தான். செருப்புச் சத்தம் மறுபடி கேட்ட பிறகு.

கஸ்பாரேவின் தலைக்குள், பல வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்த ஏதோ ஒன்று கிறீச்சென்று சுழன்றது. அந்தரத்தில் தொங்கிய தன் கை. மிதி படாதபடி வாலைச் சுருட்டிக்கொண்ட பூனை. படிக்குப் படி அசைந்த உதடு. அவன் ஜெபமா செய்தான்? எண்ணிக்கொண்டல்லவா இறங்கினான்!

"நின்ஃபா, கொஞ்சம் தள்ளி நில்லு. நான் ஒண்ணு பண்ணப்போறேன். தப்பாப் போச்சுன்னா, பைன் மரமே போதும்."

கஸ்பாரே நடுத்தெருவுக்குப் போய், சாரோவுக்கு நேர் எதிரே நின்று, நாக்கை முழுசாக நீட்டினான். பலெர்மோவில் சாரோவைப் பார்த்து நாக்கை நீட்டியவன் எவனும் மறுநாள் அதால் சூப் குடித்ததில்லை. மிம்மோ பஸ்ஸுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாரோ அசையவில்லை. கறுப்புக் கண்ணாடி நேராக கஸ்பாரேவைப் பார்த்தபடி இருந்தது. பிறகு நிதானமாக நடந்து வந்து, கைநீளத்தில் நின்று, கேட்டான்.

"பஸ்காரன் என்ன சொன்னான்?"

கஸ்பாரே நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். "எவ்ளோ நாளா இப்படி, சாரோ?"

சாரோவின் கை கோட்டுக்குள் போனது. நின்ஃபா செருப்பை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தாள். கை வெளியே வந்தபோது அதில் இருந்தது ஒரு ரொட்டித் துண்டு. பெரிய ரொட்டியின் கடைசித் துண்டு, நடுவில் கறுப்பு விதை.

"ரெண்டு வருஷமா," என்றான். "பனி மாதிரி மூடிக்கிட்டே வருது. இப்ப ஆள் நிக்கறது தெரியும், யாருன்னு தெரியாது."

பஸ் நிலையத்து பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"ஒருநாள் அவ கடையில சக்கரைன்னு நெனச்சு உப்ப அள்ளிப் போட்டு முழுக் காபியையும் குடிச்சேன். மூஞ்சி சுளிக்கல. சுத்தி நின்னவன்லாம், மனுஷன் என்னா கல்லுடான்னு பயந்தான். அவ ஒருத்திக்குத்தான் புரிஞ்சது. மறுநாள்லேர்ந்து சக்கரைய அவளே போட்டு, அவளே கலக்கிக் குடுப்பா. அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

கஸ்பாரேவுக்கு அந்த உப்புக் காபி நன்றாக ஞாபகம் இருந்தது. பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அப்போதுகூட ஒலீவாவுக்குக் கண்ணடித்துக்கொண்டிருந்தான்.

"டொன்னுக்கு நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றான் சாரோ. "தெருவுல கெடந்தவன தூக்கிட்டு வந்து சோறு போட்ட மனுஷன். அந்த உப்பத் தின்னுட்டு அவர் தம்பி பொண்டாட்டி மேலயே... ராத்திரி அவரு 'போய்த் தூங்குடா மகனே'ன்னு சொல்றப்ப, செத்துரலாம் போல இருக்கும். காலையில அவ காபி கலக்கற சத்தம் கேட்டா, இன்னும் ஒருநாள் இருக்கலாம்னு தோணும்."

"அப்புறம் ஏன்யா எங்களக் கூப்புட விட்ட?" என்றாள் நின்ஃபா.

"அவரு துப்பறியற ஆள் ஒருத்தன் வேணும்னாரு. நாந்தான் உங்க பாஸ் பேரச் சொன்னேன்." கொஞ்சம் தயங்கினான். "ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. இவருக்கிட்ட எந்தக் கேஸக் குடுத்தாலும் அது பத்திரமா இருக்கும்னு."

ஒரே நாளில் இரண்டாவது அடி. கஸ்பாரே தலையை மட்டும் ஆட்டினான். சாரோவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

"பேர் சொன்னா என்ன நடக்கும்?"

"என்னைச் சுடச் சொல்லி எங்கிட்டயே சொல்வாரு. சுட்டுக்குவேன். அந்த தூரத்துல எனக்குக் குறி தப்பாது." அதைச் சொல்லும்போது அவன் குரலில் விளையாட்டே இல்லை. "அவள மட்டும் எப்படியாச்சும் விட்டுருங்க. நான் ஏமாத்துனேன்னு சொல்லுங்க."

எழுந்து, பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டு, விலகிப் போனான்.

கஸ்பாரே அவன் போவதையே பார்த்தான். ஒரே ஒரு பெயர். சொன்னால் வேலை முடிந்தது. ஊரில் முதல் தடவையாக நல்ல பெயர். காபிக் கடையில் பக்கத்து நாற்காலியும் காலி. அந்த நினைப்பு வந்தது உண்மை. சட்டென்று போகவில்லை என்பதும் உண்மை. போகும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

"பாஸ்," என்றாள் நின்ஃபா, வழக்கமில்லாத ஒரு குரலில். "என்ன பண்ணப்போறோம்?"

"என் மானத்த விக்கப்போறோம். என்ன தேறுமோ பாப்போம்."

* * *

மாலை. டொன்னின் மேஜைமேல் கைக்குட்டை விரிந்து கிடந்தது. அதன் நடுவில் ரொட்டி. சாரோ கதவருகில் நின்றான்.

"ஆளக் கண்டுபிடிச்சுட்டேன் டொன். நாந்தான்."

அறையில் பூனைகூட மூச்சுவிடவில்லை. டொன் ரொட்டியைப் பார்த்தார், கஸ்பாரேவைப் பார்த்தார். குரல் வெறும் காற்றாக வந்தது.

"சாரோ."

சாரோவின் கை கோட்டுக்குள் போனது. அந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கஸ்பாரே அவசர அவசரமாகப் பேசினான்.

"காதல் இல்ல டொன்! அதாவது என் பக்கத்துலேர்ந்து ஏதோ... அவங்க பக்கத்துலேர்ந்து வைத்தியம்! ரெண்டு வருஷமா அவங்களப் பாத்துக் கண்ணடிச்சிக்கிட்டிருந்தேன். அவங்க அத நோவுன்னு நெனச்சுட்டாங்க. இமை இழுக்குதுன்னு. அவங்க ஊர் வழக்கப்படி லூசியாவுக்கு வேண்டிக்கிட்டு, கண்ணு மாதிரி ரொட்டி சுட்டுக் குடுத்திருக்காங்க. நான் இத இதயம்னு நெனச்சு கைக்குட்டையில சுத்தி வச்சிருந்தேன்."

டொன் ரொட்டியை ஒரு விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அடி பாக்கலாம்" என்றார்.

"எத டொன்?"

"கண்ண."

கஸ்பாரே தன் வாழ்க்கையிலேயே கடினமான கண்ணடிப்பை நிகழ்த்தினான். பயத்தில் கன்னம், மூக்கு, காது எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டன. டொன் ஃபோனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"ஒலீவா, உன் கடைக்கு வர்ற துப்பறியற ஆளு ஒருத்தன்... அவனுக்கு என்ன?"

"யாரு, கஸ்பாரேவா மச்சான்? ஐயோ பாவம், அவருக்குக் கண்ணுல ஏதோ நரம்புக் கோளாறு. என்னாச்சு, முத்திருச்சா? நேத்துதான் அவருக்காக லூசியாகிட்ட வேண்டிக்கிட்டேன். நல்ல மனுஷன் மச்சான். அப்புராணி."

அப்புராணி. கஸ்பாரே அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டான். அவளைப் பொய் சொல்ல வைக்கத் தேவையே இருக்கவில்லை.

ஃபோனை வைத்த டொன் ரொட்டியைத் தட்டினார். "இத்தனூண்டு ரொட்டிக்கா தெருவே மணந்துச்சு?"

"மொத தட்டு கருகிப்போச்சு டொன்," என்றாள் நின்ஃபா, இமைக்காமல். "ரெண்டாவது தட்டு வேகல. காபிக் கடைக்காரங்கள அடுப்பு முன்னாடி விட்டா அப்படித்தான்."

டொன் வாசல் பக்கம் திரும்பினார். "சாரோ, நாள் பூரா இவங்க பின்னாடியே போன. நீ என்ன பாத்த?"

"நான் எதையும் பாக்கல டொன்," என்றான் சாரோ.

இதைவிட உண்மையான சாட்சியம் அந்த வீட்டில் அதுவரை சொல்லப்பட்டதில்லை.

முதலில் டொன்னின் தோள்கள்தான் குலுங்கின. பிறகு வயிறு. அப்புறம் பூனை பயந்து ஓடும்படி, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கோபத்தில் இறங்கிய குரல் சிரிப்பில் கூரையைத் தொட்டது. "அவ இவனுக்கு... வைத்தியம்... ரெண்டு வருஷம்!" மேஜையை அறைந்தார். இவ்வளவு கேவலமான கதையை எவனும் இட்டுக்கட்ட மாட்டான் என்பதுதான் கஸ்பாரேவின் ஒரே நம்பிக்கையாக இருந்தது. அது வீண் போகவில்லை.

கடைசியில் டொன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என் வீட்டுப் பொண்ணு ஒருத்தனுக்காக வேண்டிக்கிட்டா, அவன் கண்ணு எங்க குடும்பத்துப் பொறுப்பு. எனக்குத் தெரிஞ்ச கண் டாக்டர் இருக்காரு. வியாழக்கிழமைதோறும் போய்ச் சரி பண்ணிக்க. நீ போவியோ மாட்டியோ... சாரோ, நீ கூட்டிட்டுப் போ. டாக்டர் ரூமுக்குள்ளயே கூடப் போகணும். குணமாகற வரைக்கும் விடக்கூடாது."

"சரி டொன்," என்றான் சாரோ. தொடர்ந்து ஒரு விசும்பல் கேட்டது. பயத்தில் கஸ்பாரேதான் அழுகிறான் என்று டொன் நினைத்துக்கொண்டார்.

* * *

இப்படியாக வியாழக்கிழமைதோறும் டாக்டர் அறைக்குள் இருவர் போகிறார்கள். ஒருவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணைக் காட்டுகிறான். இன்னொருவன் மூலையில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறான். யாருக்கு வைத்தியம் என்று டாக்டர் கேட்கவில்லை. டொன்னின் ஆட்களிடம் அவர் எதையும் கேட்பதில்லை. அறுவை செய்தால் ஈஸ்டருக்குள் பார்வை திரும்பிவிடும் என்று மட்டும் சொன்னார்.

"பாத்தா மொதல்ல அவ மூஞ்சியத்தான் பாக்கணும்," என்றான் சாரோ வெளியே வரும்போது. கஸ்பாரே அவனுக்குப் படியைக் காட்டினான்.

மறுநாள் காலை காபிக் கடையில் நல்ல கூட்டம். கஸ்பாரே தன் வழக்கமான நாற்காலியில். பக்கத்தில் சாரோ. ஒலீவா சாரோவின் கோப்பையில் சக்கரை போட்டு, கலக்கி, அவன் விரல் படுமிடத்தில் பிடியைத் திருப்பி வைத்தாள். அந்தத் திருப்பலை இப்போது கஸ்பாரே பார்த்தான். இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தான் என்பது அவனுக்கே விளங்கவில்லை.

பிறகு அவள் அவன் பக்கம் வந்தாள். சாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் கடை முழுக்க டொன்னின் காதுகள். எல்லோருக்கும் கேட்கும்படி, நன்றாக உரக்க, கேட்டாள்.

"இப்ப கண்ணு எப்படி இருக்கு, கஸ்பாரே?"

கடையே திரும்பிப் பார்த்தது. எவனோ கொல்லென்று சிரித்தான். நின்ஃபா தன் காபிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். கஸ்பாரேவின் இடது இமை, யார் சொல்லையும் கேளாமல், பழக்க தோஷத்தில் ஒருமுறை இழுத்துக்கொண்டது.

"இன்னும் சரியாகல," என்றான். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஈஸ்டருக்குள்ள சரியாயிரணும்."